கேம் திக்குகிறதா? எண்களைப் பார்த்துவிட்டு செட்டிங்ஸில் கை வையுங்கள்

கேம் சரியாக ஓடவில்லை என்றதும் எல்லா கிராபிக்ஸ் செட்டிங்ஸையும் ‘லோ’வுக்கு இறக்கிவிடுவது பலருடைய பழக்கம். படம் மங்கிவிடும், திக்கல் மட்டும் அப்படியே இருக்கும். சிபியுவோ ராமோ விண்டோஸின் ஏதோ ஒரு செட்டிங்கோ காரணமாக இருக்கும்போது கிராபிக்ஸ் கார்டின் சுமையைக் குறைத்து என்ன பயன்? அதனால் கீழே உள்ளவை எல்லாமே அறிகுறியிலிருந்து தொடங்குகின்றன. திரையில் என்ன தெரிகிறது, அந்த நேரத்தில் எண்கள் என்ன காட்டுகின்றன, இரண்டையும் சேர்த்து வைத்தால் கோளாறு எங்கே என்று பார்ப்போம்.

## முதலில் எண்களைத் திரைக்குக் கொண்டுவாருங்கள்

கார்டின் எண்களைக் கேமின் மேலேயே காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளையும் அதோடு சேர்ந்து வரும் ரிவாட்யூனரையும் நிறுவுங்கள். எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். ஆஃப்டர்பர்னர் செட்டிங்ஸில் ‘மானிட்டரிங்’ பக்கத்தைத் திறந்து ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் செயலி) யூசேஜ், கோர் கிளாக், வெப்பநிலை, பவர், மெமரி யூசேஜ், சிபியுவின் ஒவ்வொரு கோர், ஃப்ரேம்ரேட், ஃப்ரேம்டைம் (ஒரு ஃப்ரேமுக்கு ஆகும் நேரம்) ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேர்ந்து ‘ஷோ இன் ஆன்-ஸ்க்ரீன் டிஸ்ப்ளே’ என்பதை டிக் செய்யுங்கள். ஃப்ரேம்டைமை மட்டும் ‘டெக்ஸ்ட்’ என்பதிலிருந்து ‘கிராஃப்’ ஆக மாற்றுங்கள். மற்ற எல்லா எண்களையும்விட இந்த ஒரு கோடுதான் முக்கியம்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 144 என்றால் 6.9. நொடிக்கு 60 ஃப்ரேமில் ஓடும் கேமில் ஒரே ஒரு ஃப்ரேம் 80 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால், அந்த நொடியின் எஃப்பிஎஸ் (நொடிக்கான ஃப்ரேம் எண்ணிக்கை) 56-க்குத்தான் இறங்கும். எண்ணைப் பார்த்தால் எதுவும் நடக்காதது போலிருக்கும், கண்ணுக்கோ அது பளிச்சென்று தெரியும் ஒரு தடங்கல். கிராஃபில் அது ஊசி போல எழுந்து நிற்கும். கோடு தட்டையாக இருந்தால் 60 கூட வழுவழுவென்று ஓடும். கோடு ரம்பம் போல ஏறி இறங்கினால் 110 கூட எரிச்சலூட்டும்.

சோதிக்கும்போது எப்போதும் ஒரே கேமில், ஒரே இடத்தில், ஒரே பாதையில் நடந்து பாருங்கள். கார்டு சூடேறி நிலைபெறப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அதற்கு முன் எடுக்கும் அளவு நம்பத்தக்கதல்ல. ஒரு நேரத்தில் ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றி கேம் சரியாகிவிட்டால், எந்த நான்கைத் திருப்பி ஏற்றலாம் என்பது கடைசிவரை தெரியாது.

## எஃப்பிஎஸ் 60-க்கு மேல் ஏறவே இல்லை

60-இல் அசையாமல் நிற்கிறது, ஜிபியு யூசேஜ் 40 அல்லது 50 சதவீதம்தான் என்றால் எங்கோ ஒரு பூட்டு இருக்கிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘டிஸ்ப்ளே’, ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ என்று போய் ரிஃப்ரெஷ் ரேட் (மானிட்டர் நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது) என்ன என்று பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கிவிட்டு மாதக்கணக்கில் 60-இலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். டிரைவரைப் புதுப்பித்த பிறகோ கேபிளை மாற்றிய பிறகோ இது மீண்டும் 60-க்குப் போய்விடுவதும் உண்டு.

பட்டியலிலேயே 144 வரவில்லை என்றால் கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ 1.4 வழியாக 1080பி-க்குப் பொதுவாக 120 ஹெர்ட்ஸ்தான் உச்சம், 4கே-க்கு 30. ஹெச்டிஎம்ஐ 2.0 இருந்தால் 4கே 60 வரை, 2.1 இருந்தால் 120 வரை போகும். 1440பி 144 ஹெர்ட்ஸுக்கு டிஸ்ப்ளேபோர்ட் 1.2 போதும். வாய்ப்பிருந்தால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையே பயன்படுத்துங்கள். கேபிளின் மறுமுனை மதர்போர்டில் இல்லாமல் கிராபிக்ஸ் கார்டின் போர்ட்டில்தான் செருகியிருக்கிறதா என்பதையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்து பூட்டு போடக்கூடிய இடங்கள்: கேமுக்குள் வி-சிங்க் (ஃப்ரேம்களை மானிட்டரின் வேகத்தோடு ஒத்திசைப்பது), கேமுக்குள் ஃப்ரேம் லிமிட், டிரைவரில் ‘மேக்ஸ் ஃப்ரேம் ரேட்’, ஏஎம்டி அட்ரினலினில் ‘ரேடியான் சில்’, ரிவாட்யூனரில் ‘ஃப்ரேம்ரேட் லிமிட்’. லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியிருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது கார்டின் மின்சக்தியையே குறைத்துவிடுவார்கள். இரண்டு ஜிபியு உள்ள லேப்டாப்பில் விண்டோஸின் ‘டிஸ்ப்ளே’, ‘கிராபிக்ஸ்’ பக்கத்தில் அந்த கேமைச் சேர்த்து ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்று குறித்துவிடுங்கள்.

## எப்போதுமே மெதுவாக ஓடுகிறது, ஜிபியு 97 சதவீதத்துக்கு மேல்

இது நேர்மையான நிலைமை. கார்டு தன்னால் முடிந்த அளவுக்கு வேலை செய்கிறது, நாம் கேட்பதுதான் அதிகம். இங்கே மட்டும்தான் கிராபிக்ஸ் செட்டிங்ஸைக் குறைப்பது நேரடியாகப் பலன் தரும். எதைக் குறைக்கிறோம் என்பதில்தான் திறமை இருக்கிறது.

முதலில் ரே டிரேசிங்கை (ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) அணைத்துவிட்டு அளந்து பாருங்கள். மற்ற எந்த ஒரு செட்டிங்கும் இந்த அளவுக்கு விலை கேட்பதில்லை. அடுத்து நிழல்கள், வால்யூமெட்ரிக் மூடுபனி, ஸ்க்ரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்ஷன், ஆம்பியன்ட் ஆக்லூஷன். இவற்றை ‘அல்ட்ரா’விலிருந்து ‘ஹை’க்கு ஒரு படி இறக்கினாலே பெரும்பாலான கேம்களில் படத்தில் வித்தியாசம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், ஃப்ரேம்டைம் மட்டும் நன்றாகக் குறையும். அனைசோட்ராபிக் ஃபில்டரிங்கை 16 மடங்கிலேயே விட்டுவிடுங்கள். இன்றைய கார்டுகளுக்கு அது சுமையே இல்லை, குறைத்தால் தரை முழுவதும் மங்கிப்போகும். டெக்ஸ்ச்சர் தரத்தையும் இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள். விராமில் (கார்டின் சொந்த மெமரி) இடம் இருக்கும்வரை டெக்ஸ்ச்சரால் எஃப்பிஎஸ் குறைவதில்லை.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால் ரெசல்யூஷன்தான். 4கே-யில் ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல், 1440பி-யில் 37 லட்சம், 1080பி-யில் 21 லட்சம். மானிட்டரின் ரெசல்யூஷனை நேரடியாக இறக்குவதற்குப் பதில் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் அப்ஸ்கேலிங் வசதிகளான டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், எக்ஸ்இஎஸ்எஸ் ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அதைப் பயன்படுத்துங்கள். டிஎல்எஸ்எஸ் ‘குவாலிட்டி’யில் நீளம், அகலம் ஒவ்வொன்றிலும் 67 சதவீதம், ‘பேலன்ஸ்டு’ 58, ‘பெர்ஃபார்மன்ஸ்’ 50. அதாவது 4கே மானிட்டரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ வைத்தாலும் உள்ளே 1080பி வரைகிறது, அது போதுமான மூலப்படம். 1080பி மானிட்டரில் ‘குவாலிட்டி’யே 720பி-யிலிருந்துதான் தொடங்குகிறது, அதற்குக் கீழே போவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அந்த நிலையில் வேறு இரண்டு செட்டிங்ஸைக் குறைப்பது கண்ணுக்கு நல்லது.

இன்னொன்றையும் இங்கே சரிபார்க்கலாம். ஆர்டிஎக்ஸ் 30 வரிசை, ஆர்எக்ஸ் 6000 வரிசை, அவற்றுக்குப் பிந்தைய கார்டுகள் எல்லாம் ‘ரீசைசபிள் பார்’ வசதியை (சிபியு கார்டின் முழு மெமரியையும் ஒன்றாக அணுக விடுவது) ஏற்கும். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு அது இல்லாமல் சரிப்படாது. என்விடியா கன்ட்ரோல் பேனலின் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பக்கத்திலோ ஜிபியு-இசட் மென்பொருளிலோ அது இயங்குகிறதா என்று தெரியும். இல்லையென்றால் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டு செட்டிங்ஸ்) ‘அபவ் 4ஜி டிகோடிங்’, ‘ரீசைசபிள் பார்’ இரண்டையும் இயக்கி, பழைய முறையில் பூட் ஆக உதவும் ‘சிஎஸ்எம்’ என்பதை அணைக்க வேண்டும். கவனம்: விண்டோஸ், டிஸ்கைப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் நிறுவப்பட்டிருந்தால் சிஎஸ்எம்மை அணைத்ததும் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டில் டிஸ்க் ஜிபிடி-யா எம்பிஆர்-ஆ என்று பார்த்த பிறகே கை வையுங்கள்.

## எஃப்பிஎஸ் குறைவு, ஆனால் ஜிபியு பாதி சும்மா இருக்கிறது

ஜிபியு யூசேஜ் 50, 60 சதவீதத்தில் நிற்கிறது, எந்தப் பூட்டும் இல்லை. இப்போது சிபியு அடுத்த ஃப்ரேமுக்கான வேலையை முடித்துத் தரும்வரை கார்டு காத்திருக்கிறது. ‘சிபியு மொத்தமே 30 சதவீதம்தானே ஓடுகிறது’ என்று தோன்றும். மொத்த எண் இங்கே ஏமாற்றும். 16 திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழைகள்) உள்ள சிபியுவில் ஒரு திரெட் முழுமூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் அது 6 சதவீதம்தான். கேமின் முக்கியத் திரெட் அந்த ஒன்றில் மாட்டிக்கொண்டால் மற்ற பதினைந்தும் வேடிக்கை பார்க்கும். அதனால்தான் கோர்களைத் தனித்தனியாகக் காட்டச் சொன்னோம்.

உறுதிப்படுத்த எளிய வழி, ரெசல்யூஷனைத் தற்காலிகமாக 720பி-க்கு இறக்குவது. எஃப்பிஎஸ் ஏறவே இல்லை என்றால் தடை சிபியு பக்கம்தான். அப்போது அப்ஸ்கேலிங்கும் உதவாது. கேமில் குறைக்க வேண்டியவையும் வேறு: கூட்டத்தின் அடர்த்தி, தொலைதூரப் பொருள்களின் விவரம், பார்வைத் தூரம், இயற்பியல் விளைவுகள். ரே டிரேசிங் கார்டை மட்டுமல்லாமல் சிபியுவையும் வாட்டும்; அதையும் அணைத்துப் பாருங்கள்.

ஆனால் கேமைத் தொடுவதற்கு முன் டாஸ்க் மேனேஜரில் ‘மெமரி’ பக்கத்தைத் திறங்கள். ராம் பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருக்கும், இங்கே 2133 அல்லது 2400 என்று காட்டும். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ புரொஃபைலை இயக்காதவரை ராம் அந்த அடிப்படை வேகத்தில்தான் ஓடும். டிடிஆர்5-இல் அடிப்படை வேகம் பெரும்பாலும் 4800. அதே பக்கத்தில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்றும் காட்டும். ஒரே ஒரு ராம் குச்சி இருந்தால் பாதிப் பாதைதான் திறந்திருக்கிறது. இரண்டு குச்சி இருந்தும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகியிருந்தால் அதே நிலைமைதான். நான்கு ஸ்லாட் மதர்போர்டில் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் வழக்கமான இடங்கள். சிபியு தடையாக இருக்கும் கேம்களில் இந்த ஒரு திருத்தம் தருவதை எந்த கிராபிக்ஸ் செட்டிங்கும் தராது.

மவுஸை 4000 அல்லது 8000 ஹெர்ட்ஸ் போலிங்கில் (மவுஸ் நொடிக்கு எத்தனை முறை செய்தி அனுப்புகிறது என்பது) வைத்திருந்து, மவுஸை வேகமாகச் சுழற்றும்போது மட்டும் எஃப்பிஎஸ் விழுகிறது என்றால் 1000-க்கு இறக்கிவிடுங்கள். ஒவ்வொரு அசைவுச் செய்தியும் சிபியுவுக்கு ஒரு வேலை.

## சராசரி நன்றாக இருக்கிறது, ஆனால் திக்கித் திக்கி ஓடுகிறது

அதிகமாகப் புலம்ப வைப்பதும் தவறான இடத்தில் அதிகமாகத் தேடப்படுவதும் இந்த அறிகுறிதான். ஃப்ரேம்டைம் கிராஃபில் ஊசிகள் எப்போது எழுகின்றன என்பதைக் கவனியுங்கள். காரணம் அந்த நேரக் கணக்கிலேயே இருக்கிறது.

*ஒரு விஷயம் முதல்முறை நடக்கும்போது மட்டும்.* புதிய இடத்துக்குள் நுழைகிறீர்கள், முதல் குண்டு வெடிக்கிறது, ஒரு தடங்கல். அதே இடத்துக்குத் திரும்பி வந்தால் தடங்கல் இல்லை. இது ஷேடர் கம்பைல் ஆவதால் வருவது. டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் கேம்களில் ஒவ்வொரு காட்சி விளைவுக்குமான சிறு நிரலை உங்கள் கார்டுக்கும் உங்கள் டிரைவருக்கும் ஏற்றபடி உங்கள் கம்ப்யூட்டரிலேயே தயாரிக்க வேண்டும். தயாரித்தது டிஸ்கில் சேமிக்கப்படும். கேம் தொடக்கத்தில் ‘ஷேடர் தயாராகிறது’ என்று காட்டினால் பொறுமையாக முடியவிடுங்கள், தவிர்க்காதீர்கள். என்விடியா டிரைவரில் ‘ஷேடர் கேஷ் சைஸ்’ என்பதை 10 ஜிபி-க்கு ஏற்றுங்கள். நிறைய பெரிய கேம்களை மாற்றி மாற்றி ஆடுபவர்களுக்கு இது முக்கியம், இடம் போதாவிட்டால் பழையது அழிக்கப்பட்டு மறுபடி தயாராகும். டிரைவரைப் புதுப்பித்தால் கேஷ் முழுவதும் புதிதாக உருவாக வேண்டியிருக்கும். ஆகவே புது டிரைவர் போட்ட முதல் அரை மணி நேரத்தை வைத்து ‘இந்த டிரைவர் மோசம்’ என்று முடிவு செய்வது அநியாயம். அதேபோல், திக்கலைத் தீர்க்க ஷேடர் கேஷை அழிக்கச் சொல்லும் அறிவுரையைக் கண்டபடி பின்பற்றாதீர்கள். கேஷ் கெட்டுப்போயிருந்தால் மட்டும்தான் அது மருந்து; மற்ற சமயங்களில் நோயையே மறுபடி வரவழைப்பது.

*இருபது முப்பது நிமிடம் ஆடிய பிறகு, குறிப்பாகத் திரும்பிப் பார்க்கும்போது.* விராம் நிரம்பிவிட்டது. டாஸ்க் மேனேஜரின் ஜிபியு பக்கத்தில் ‘டெடிகேட்டட்’ மெமரி உச்சத்தைத் தொட்டு, ‘ஷேர்டு’ மெமரி விடாமல் ஏறிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். கார்டில் இடமில்லாத டெக்ஸ்ச்சர்கள் சாதாரண ராமில் போய் உட்கார்ந்து, தேவைப்படும்போதெல்லாம் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாக வந்து போகின்றன. விராமின் வேகத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பாதை மிகக் குறுகியது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டில் இந்தப் பாதையே நான்கு தடங்கள்தான், மெமரியும் 4 ஜிபி-தான், பழைய 3.0 மதர்போர்டில் செருகினால் பாதையின் வேகம் இன்னும் பாதியாகிவிடும். மருந்து ஒன்றுதான்: டெக்ஸ்ச்சர் தரத்தை ஒரு படி இறக்கி, கேமை மூடித் திறங்கள். மூடித் திறக்காமல் சோதித்தால் பல கேம்களில் பழைய டெக்ஸ்ச்சர் மெமரியிலேயே கிடக்கும். பின்னணியில் இருபது தாவலோடு திறந்திருக்கும் பிரவுசரும் விராமைத் தின்னும், அதையும் மூடுங்கள். ரே டிரேசிங்கும் ஃப்ரேம் ஜெனரேஷனும் (ஃப்ரேம்களுக்கு இடையில் செயற்கைப் படங்களைச் செருகும் வசதி) கூடுதல் விராம் கேட்பவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

*கடிகாரம் அடித்தது போல ஒரே இடைவெளியில்.* இரண்டு நொடிக்கு ஒருமுறை, ஐந்து நொடிக்கு ஒருமுறை என்று ஊசி எழுந்தால் கேம் குற்றவாளி இல்லை. ஏதோ ஒரு மென்பொருள் அந்த இடைவெளியில் சென்சார்களைப் படிக்கிறது. விளக்கு நிறம் மாற்றும் மென்பொருள், ஃபேன் கட்டுப்பாட்டு மென்பொருள், இரண்டு மூன்று கண்காணிப்பு மென்பொருள்கள் ஒன்றாக ஓடுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். ஆஃப்டர்பர்னரே காரணமாக இருக்கலாம்; அதன் ‘பவர்’ கண்காணிப்பை நீக்கியும், ‘போலிங் பீரியட்’டை 1000 மில்லிசெகண்டுக்குக் குறையாமல் வைத்தும் பாருங்கள்.

*வேகமாகப் பயணிக்கும்போது.* வண்டியில் பறக்கும்போது மட்டும் திக்கினால் டிஸ்க் ஈடுகொடுக்கவில்லை. இன்றைய திறந்தவெளி கேம்களைச் சுழலும் ஹார்டு டிஸ்கில் வைப்பதில் அர்த்தமில்லை, எஸ்எஸ்டி-க்கு நகர்த்துங்கள். எஸ்எஸ்டி-யிலும் அதே இடத்தில் எல்லோருக்கும் திக்கினால் அது கேம் இன்ஜினின் குறை. ஃப்ரேம் லிமிட் வைத்துச் சற்று மழுப்பலாமே தவிர முழுதாகத் தீர்க்க முடியாது.

*பழைய, இலகுவான கேமில் மட்டும்.* கோர் கிளாக் ஏறி இறங்கி ஆடுகிறதா என்று பாருங்கள். வேலை குறைவு என்று கார்டு தூங்கித் தூங்கி எழுகிறது. டிரைவரில் அந்த கேமுக்கு மட்டும் ‘பவர் மேனேஜ்மென்ட் மோட்’ என்பதை ‘ப்ரிஃபர் மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்குங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்தால் சும்மா இருக்கும்போதும் கார்டு சூடாகும்.

## படம் குறுக்கே கிழிகிறது

மானிட்டர் ஒரு படத்தைப் பாதி வரைந்திருக்கும்போதே கார்டு அடுத்த படத்தைக் கொடுத்துவிடுவதால் வருவது. மானிட்டரில் ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் (கார்டின் ஃப்ரேமுக்கு ஏற்ப மானிட்டர் தன் ரிஃப்ரெஷ் ரேட்டை மாற்றிக்கொள்ளும் வசதி) இருந்தால் இதைவிட நல்ல தீர்வு இல்லை, ஆனால் மூன்று இடத்தில் ஒத்துப்போக வேண்டும்.

1. மானிட்டரின் சொந்த மெனுவில் ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்க்கை இயக்குங்கள். பிறகு டிரைவரில் ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க்கை இயக்குங்கள்.
2. கேமுக்குள் வி-சிங்க்கை அணைத்துவிட்டு, என்விடியா டிரைவரில் அதே கேமுக்கு வி-சிங்க்கை இயக்குங்கள்.
3. ஃப்ரேம் லிமிட்டை மானிட்டரின் ரிஃப்ரெஷ் ரேட்டைவிட 3 குறைவாக வையுங்கள். 144 ஹெர்ட்ஸுக்கு 141.

மூன்றாவது படியை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். எஃப்பிஎஸ் 144-ஐத் தொட்டவுடன் ஜி-சிங்க் கைவிட்டுவிடும், வி-சிங்க் பொறுப்பேற்கும், மவுஸில் கனம் தெரியும். கேமில் என்விடியா ரிஃப்ளெக்ஸ் (மவுஸ் தாமதத்தைக் குறைக்கும் வசதி) இருந்து அதை இயக்கியிருந்தால் இந்த லிமிட்டை அதுவே வைத்துக்கொள்ளும். 144 ஹெர்ட்ஸில் எண் 138-இல் நிற்பதைப் பார்த்து வேகம் குறைந்துவிட்டதாகப் பதறாதீர்கள்.

மானிட்டரின் ஃப்ரீசிங்க் எல்லையையும் பாருங்கள். 48 முதல் 144 ஹெர்ட்ஸ் என்றால், எஃப்பிஎஸ் 40-க்கு விழும்போது ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு முறை காட்டி 80 ஹெர்ட்ஸில் ஓட்டிவிடும். எல்லை 48 முதல் 75 வரைதான் என்றால் இந்த இரட்டிப்பு வித்தைக்கு இடமில்லை, 48-க்குக் கீழே போனால் கிழிசல் திரும்ப வரும். அத்தகைய மானிட்டரில் எஃப்பிஎஸ் 50-க்குக் கீழே இறங்காதபடி செட்டிங்ஸை அமைப்பதே வழி. விஏ வகை மானிட்டர் பேனல்களில் இருட்டுக் காட்சிகளில் வெளிச்சம் மினுக்கினால், ஃப்ரேம்டைம் ஊசிகளே காரணம். லிமிட்டைக் குறைத்துக் கோட்டைத் தட்டையாக்கினால் மினுக்கமும் அடங்கும்.

ஃப்ரீசிங்க் இல்லாத 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வி-சிங்க் ஒன்றுதான். ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்டைத் தாண்டினால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியதால் சில கேம்களில் எஃப்பிஎஸ் 60-லிருந்து நேராக 30-க்கு விழும். ஜிபியு யூசேஜ் 80, 85 சதவீதத்தைத் தாண்டாதபடி செட்டிங்ஸைக் குறைத்து இடம்விட்டு வையுங்கள். என்விடியா டிரைவரில் உள்ள ‘டிரிபிள் பஃபரிங்’ ஓபன்ஜிஎல் கேம்களுக்கு மட்டும்தான். மற்றவற்றில் அதைத் தட்டுவதால் எதுவும் நடக்காது.

## மவுஸை நகர்த்தினால் தாமதமாக அசைகிறது

எஃப்பிஎஸ் 90 காட்டுகிறது, கையில் 40 போல இருக்கிறது. ஜிபியு 99 சதவீதத்தில் ஓடும்போது சிபியு தயாரித்த ஃப்ரேம்கள் கார்டின் வாசலில் வரிசையாக நிற்கின்றன; உங்கள் கை அசைவு அந்த வரிசையின் கடைசியில் இருக்கிறது. ரிஃப்ளெக்ஸ் இருந்தால் இயக்குங்கள், ஏஎம்டி என்றால் ஆன்டி-லேக். இரண்டும் இல்லையென்றால், கார்டு எளிதாகத் தொடும் எண்ணைவிடச் சற்றுக் கீழே ஃப்ரேம் லிமிட் வைத்து ஜிபியுவை 95 சதவீதத்துக்குக் கீழே நிறுத்துங்கள். எண் குறையும், கை இலகுவாகும்.

ஃப்ரேம் ஜெனரேஷனை இயக்கியிருந்தால் அதை அணைத்துவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அது இடையில் செருகும் படங்களுக்கு உங்கள் மவுஸைத் தெரியாது. அதற்கு முன்பே 60-ஐ ஒட்டி ஓடும் கேமை அது அழகாக்கும். 30-இல் ஓடுவதை 60 ஆக்கிக் காட்டினாலும் கையில் 30-ஐவிடக் கனமாகத்தான் இருக்கும்.

## நன்றாகத் தொடங்கி, கால் மணி நேரத்தில் வேகம் விழுகிறது

கோர் கிளாக்கைப் பாருங்கள். தொடக்கத்தில் 1900 மெகாஹெர்ட்ஸ், பிறகு 1600 என்று இறங்கியிருந்தால் வெப்பம். பல என்விடியா கார்டுகள் 83 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கிளாக்கைக் குறைக்கத் தொடங்கும். ஏஎம்டி கார்டுகளில் ‘ஜங்ஷன்’ வெப்பநிலையின் எல்லை 110 டிகிரி. ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) காட்டும் கார்டுகளில் அதற்கும் சாதாரண வெப்பநிலைக்கும் 10, 15 டிகிரி வித்தியாசம் இயல்பு. 25-ஐத் தாண்டினால் தெர்மல் பேஸ்ட் வறண்டிருக்கிறது, அல்லது ஹீட்சிங்க் சீராக அழுத்தவில்லை.

கேஸின் பக்கக் கதவைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் ஆடுங்கள். 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் குறை கார்டில் இல்லை, காற்றோட்டத்தில். தூசியைத் துடைத்து முன்பக்க ஃபேன்களைப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் அண்டர்வோல்ட் செய்யலாம். அதே கிளாக்கைக் குறைந்த வோல்டேஜில் ஓட்டுவது இது. வெப்பமும் ஃபேன் சத்தமும் குறையும், வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கார்டுக்குச் செய்யக்கூடிய மாற்றங்களில் இதைத்தான் முதலில் பரிந்துரைப்போம்.

என்விடியாவில் முதலில் சாதாரண நிலையில் ஆடி, சூடேறிய பிறகு நிற்கும் கிளாக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். 1850 என்று வைத்துக்கொள்வோம். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல் + எஃப் அழுத்தினால் வோல்டேஜ் வளைகோடு திறக்கும். முதன்மைத் திரையில் கோர் கிளாக்கை 250 வரை குறைத்து முழு வளைகோட்டையும் கீழே தள்ளுங்கள். பிறகு 900 மில்லிவோல்ட்டுக்கு நேரே உள்ள புள்ளியை மட்டும் 1850-க்கு இழுத்து ஏற்றி ‘அப்ளை’ செய்யுங்கள். அதற்கு வலப்பக்கம் முழுவதும் தட்டைக் கோடாகிவிட வேண்டும். ஆகவில்லை என்றால் முதலில் கீழே தள்ளியது போதவில்லை. 900 என்பது ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக்கு நல்ல தொடக்கம். 40 வரிசைக்கு 950-இல் தொடங்குங்கள். அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். கேம் மூடிக்கொண்டால் 25 மில்லிவோல்ட் ஏற்றுங்கள், அல்லது கிளாக்கை 15 மெகாஹெர்ட்ஸ் குறையுங்கள். ஒரே மாடலில் இரண்டு கார்டுகளுக்கே எண்கள் மாறும், பிறர் எண்ணை அப்படியே போடாதீர்கள்.

ஏஎம்டியில் அட்ரினலினின் ‘பெர்ஃபார்மன்ஸ்’, ‘டியூனிங்’ பக்கத்தில் வோல்டேஜை 25 மில்லிவோல்ட்டாகக் குறைத்துக்கொண்டே வரலாம். கம்ப்யூட்டர் திடீரென நின்று எழுந்தால் அட்ரினலின் இந்த மாற்றங்களைத் தானே அழித்துவிடும். மறுபடி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

## கேம் மூடிக்கொள்கிறது, திரை கருப்பாகிறது, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது

மூன்றும் வெவ்வேறு நோய். ‘ஈவன்ட் வியூவர்’, ‘விண்டோஸ் லாக்ஸ்’, ‘சிஸ்டம்’ என்று திறந்து அந்த நிமிடத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

கேம் மட்டும் மூடி, ‘டிஸ்ப்ளே’ என்ற பெயரில் 4101 பதிவாகியிருந்தால் டிரைவர் பதிலளிக்காமல் நின்று மீண்டிருக்கிறது. விண்டோஸ் கார்டுக்கு 2 நொடி கெடு வைத்திருக்கிறது, தாண்டினால் டிரைவரை மீட்டமைத்துவிடும். எல்லா ஓவர்கிளாக்கையும் (வழக்கத்தைவிட அதிக கிளாக்கில் ஓட்டுவது) அண்டர்வோல்ட்டையும் நீக்கிவிட்டு முதலில் சோதியுங்கள். தொழிற்சாலையிலேயே ஓவர்கிளாக் செய்து வரும் கார்டுகளில் கோர் கிளாக்கை 50 மெகாஹெர்ட்ஸ் குறைத்தும் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. மெமரி ஓவர்கிளாக் தந்திரமானது. இன்றைய விராம் பிழைகளைத் தானே கண்டுபிடித்து மறுபடி அனுப்பும், ஆகவே அதிகமாக ஏற்றினால் கேம் மூடாமல் வெறுமனே மெதுவாகும். 100 மெகாஹெர்ட்ஸாக ஏற்றி ஒவ்வொரு முறையும் எஃப்பிஎஸ்ஸை அளந்து, அது குறையத் தொடங்கும் இடத்திலிருந்து நன்றாகப் பின்வாங்குங்கள்.

பிறகு டிரைவரைச் சுத்தமாக மாற்றலாம். புது டிரைவரை முதலில் இறக்கி வைத்துக்கொண்டு இணைய இணைப்பைத் துண்டியுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் தானே ஒரு டிரைவரை நடுவில் போட்டுவிடும். சேஃப் மோடில், பழைய டிரைவரை முழுதாக நீக்கும் டிடியு மென்பொருளை ஓட்டி ‘கிளீன் அண்ட் ரீஸ்டார்ட்’ கொடுத்து, பின் புது டிரைவரை நிறுவி, கடைசியாக இணையத்தை இணையுங்கள்.

திரை கருப்பாகி, ஃபேன்கள் முழு வேகத்தில் அலறி, ஒலி மட்டும் சற்று நேரம் தொடர்ந்தால் மின் இணைப்பைப் பாருங்கள். 8 பின் இணைப்பு ஒன்றுக்கு 150 வாட், 6 பின்னுக்கு 75, ஸ்லாட் வழியாக 75 என்பது கணக்கு. இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு ஒரே கேபிளின் இரட்டை வாலைச் செருகாமல் பவர் சப்ளையிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் கொண்டுவாருங்கள். புதிய பெரிய கார்டுகளில் வரும் 12விஹெச்பிடபிள்யூஆர் மின் இணைப்பு என்றால் இடைவெளியே தெரியாதபடி முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும், இணைப்பிலிருந்து 35 மில்லிமீட்டருக்குள் கேபிளை மடக்கக் கூடாது. கார்டை நிமிர்த்தி வைக்க ரைசர் கேபிள் பயன்படுத்தினால் அதை நீக்கி நேரடியாகச் செருகுங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ரைசரில் 4.0 கார்டு போட்டிருந்தால் பயாஸில் ஸ்லாட்டை ஜென் 3 ஆக்கினாலே பல சமயம் சரியாகிவிடும்.

சட்டென்று முழுக் கம்ப்யூட்டரும் அணைந்து எழுந்து, ‘கெர்னல்-பவர்’ 41 மட்டும் பதிவாகியிருந்தால் பவர் சப்ளையின் மேல் சந்தேகம் வலுக்கிறது. பெரிய கார்டுகள் மில்லிசெகண்ட் கணக்கில் தங்கள் சராசரியைவிட வெகு அதிகமாக மின்சாரம் இழுக்கும். பவர் சப்ளையின் பாதுகாப்பு அதைக் கோளாறு என்று எண்ணி அணைத்துவிடும். ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 70 சதவீதமாக்கி ஒரு நாள் ஆடுங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் மாற்ற வேண்டியது பெரும்பாலும் பவர் சப்ளை. பவர் லிமிட்டைக் குறைத்தும், எல்லாம் தொழிற்சாலை அளவில் இருந்தும், டிரைவரைச் சுத்தமாக மாற்றியும் அதே பிழை தொடர்ந்தால் கார்டை இன்னொரு கம்ப்யூட்டரில் செருகிச் சோதியுங்கள். அங்கேயும் அதே பிழை வந்தால் ஈவன்ட் வியூவர் பதிவுகளைச் சேமித்துக்கொண்டு வாரண்டிக்கு அனுப்புங்கள்.